பதினேழாம் அத்தியாயம்: ஒன்பது கையெழுத்துகள்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

ஏனோக் சன்னலோரக் கட்டிலில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மரியகுழந்தை சமையலறை வாசற்படியில், மடியில் முறத்தோடு அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். இளைய மகன் டைட்டஸ் நடு அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில். கட்டுப் போட்ட வலது கால் எதிரே முக்காலி மேல். மூத்த மகன் மனைவி வினோலியா தையல் மெஷின் ஸ்டூலில். தெருக் கதவுக்கு அவள்தான் கிட்டே.

வினோலியாவின் கணவன் டென்னிஸ் அங்கே இல்லை. மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது, "அவங்க இன்னா சொன்னாலும் பதில் பேசாத" என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தான்.

தையல் மெஷின் மேல் ஒரு காகிதம் கிடந்தது. நால்வரும் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

"படி," என்றார் ஏனோக்.

"மூணு தடவை படிச்சாச்சு மாமா."

"இன்னொருக்கா படி. அஞ்சு மணியா அஞ்சரையா?"

"அஞ்சு." வினோலியா காகிதத்தை எடுத்தாள். "'நீங்கள் அளித்த அல்ட்ராசவுண்ட் சிகிச்சையால் டைட்டஸ் என்பவருக்குத் தீப்புண் ஏற்பட்டதாக அவரே எழுத்து மூலம் புகார் தந்துள்ளார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உங்கள் விளக்கம் வந்து சேரவேண்டும். தவறினால் பணியிலிருந்து நீக்கப்படுவீர்கள். விளக்கம் ஏற்கப்படும்வரை கிளினிக்குக்கு வரவேண்டாம்.'"

டைட்டஸ் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். புகாரில் இருந்த கையெழுத்து அவனுடையது. வாசகம் மரியகுழந்தையுடையது.

ஐந்து வாரத்துக்கு முன்னால் பங்காருபேட்டையில், நகர ஆரம்பித்த ரயிலில் ஏறப்போய் டைட்டஸ் விழுந்தான். எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் மூட்டு வீங்கியது, வீங்கினது வற்றவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் தான் ஆறு வருஷமாகப் பிசியோதெரபி வேலை பார்க்கும் கிளினிக்கில், வினோலியா வாரம் மூன்று தடவையாக ஒன்பது தடவை அவனுக்கு அல்ட்ராசவுண்ட் வைத்தாள். ஆறாவது தடவைக்குப் பிறகு, வலி இல்லை என்று அவன் சொன்னதை நம்பி கிளினிக்கை நடத்தும் டாக்டர் மனோகர் வேலைக்குப் போகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்பதாவது தடவைக்கு மறுநாள் வேலையிலிருந்து வந்தவனுக்கு அம்மா சாக்ஸைக் கழற்றினாள். வெளிக் கணுக்காலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் வெந்து, சாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்தவை போன வாரம் வாசகர்கள் பார்த்தவைதான். புகார் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மரியகுழந்தை எழுதிக் கொடுத்த ஜெபக் குறிப்பை ஆயர் எடுத்து, முன்கூட்டிப் பார்க்காமல், சபை முழுக்கக் கேட்க வாசித்தார்: 'மருமகளின் கையால் வெந்துபோன என் மகனின் காலுக்காக.' வினோலியா நான்காவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கண்ணை மூடித் தலைகுனிந்தார்கள். அவளும் குனிந்தாள்.

"வயித்துல புள்ள எந்தப் பக்கம் திரும்பிகினு இருக்குதுன்னு பார்க்குற மெஷினு," என்றாள் மரியகுழந்தை முறத்தைப் பார்த்தபடி. "அத்தக் கொண்டாந்து காலுல வெச்சா வேகாம இன்னா பண்ணும்?"

"அது வேற மெஷினு அத்தை. பேரு மட்டும்தான் ஒண்ணு."

"பேரு ஒண்ணா இருந்தா வேலையும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"அப்பிடின்னா நம்ம டென்னிஸும் கோடி வீட்டு டென்னிஸும் ஒண்ணாம்மா?" என்றான் டைட்டஸ். "அந்தாளு காலையிலேயே ஒயின் ஷாப் வாசல்ல நிக்கிறாரு."

யாரும் சிரிக்கவில்லை.

"மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடும்மா," என்றார் ஏனோக். "தப்பாயிடுச்சு, இனிமே ஆவாதுன்னு. எழுதினா வுட்டுடுவாங்க."

"வுட மாட்டாங்க மாமா. தப்புன்னு எழுதினா அதையே காரணமா வெச்சு எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் வேற எந்த கிளினிக்கும் என்னைச் சேர்க்காது."

"அப்ப தப்பு உன்னுது இல்லன்றியா?" என்றாள் மரியகுழந்தை.

வினோலியா டைட்டஸ் பக்கம் திரும்பினாள்.

அந்த மெஷினின் தலை டார்ச் லைட்டின் முகம் அளவு இருக்கும். தோலில் ஜெல் தடவி, தலையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய் வீங்கிய மூட்டைச் சுற்றி இளஞ்சூடு தரும். அந்தச் சூடு எவ்வளவு என்று வைக்கிறவளுக்குத் தெரியாது. படுத்திருக்கிறவர் சொன்னால்தான் உண்டு. எலும்புக்குள் குடைகிற மாதிரி இருந்தால் உடனே சொல்ல வேண்டும், உடனே குறைப்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கார்டில் 'எப்படி உணர்ந்தீர்கள்' என்று கேட்டு எழுதி, நோயாளியிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். டைட்டஸ் ஒன்பது தடவையும் 'லேசான சூடு, சுகமாக இருந்தது' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தான்.

"ஒம்போது தடவையும் கேட்டேனே டைட்டஸ். சுடுதான்னு."

"கேட்டீங்க அண்ணி."

"இன்னா சொன்ன?"

"ஃபிட்டுன்னு சொன்னேன்."

ஏனோக் சன்னல் பக்கம் பார்த்தார். அந்த வீட்டில் டாக்டரைப் பார்த்ததும் சொல்ல வேண்டிய வார்த்தை அது ஒன்றுதான். அவர் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த இருபது வருஷத்தில், நோவுது என்று டாக்டரிடம் வாய்விட்டவனை அண்டர்கிரவுண்டிலிருந்து தூக்கித் தரைமேல் சர்ஃபேஸ் வேலைக்குப் போட்டுவிடுவார்கள், சம்பளம் இறங்கும் என்பது அவர் கண்ட பாடம். தோளில் கல் விழுந்த வாரம் கூட 'ஃபிட்' என்று சொல்லி, ஆளை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் இறங்கினவர். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும், வீட்டில் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை கூட டாக்டர் கேட்டால் 'ஃபிட்டு' என்றுதான் சொல்லும்.

"சுட்டுது அண்ணி," என்றான் டைட்டஸ். "தாங்கிகினேன். நம்ம வீட்டுப் பழக்கம் தெரியுமில்ல."

"எத்தனாவது தடவைலேர்ந்து?"

"ஏழு."

ஏழாவது தடவைதான் அவள் கொஞ்சம் ஏற்றினாள். 'ஒண்ணுமே தெரியல, ஏத்துங்க' என்று அவன் சொன்னதால் ஏற்றினாள்.

"எந்த இடத்துல சுட்டுது? காட்டு."

அவன் குனிந்து கணுக்காலின் முன்பக்கத்தை, செருப்பு வார் படுகிற இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

வினோலியா அந்த விரலையே பார்த்தாள். முன்பக்கம் மெஷினின் தலை ஒரு நாளும் போனதில்லை. வெந்தது வெளிப்பக்கம். சுட்டதைத் தாங்கிக்கொண்டவனுக்குச் சுட்ட இடம் தெரியாமல் இருக்குமா?

"சரி," என்று மட்டும் சொன்னாள்.

பதினோரு மணிக்கு டாக்டர் மனோகரே போன் செய்தார். வினோலியா எழுந்து சமையலறைக்குள் போய்ப் பேசினாள்.

"ஏம்மா, இவ்ளோ யோசனை? கார்டு கையில வெச்சிருக்கேன். கிளீனா இருக்குது. முதல் நாள் சூடு-குளிர் டெஸ்ட் பண்ணி டிக் போட்டிருக்கே. ஒம்போது கையெழுத்து அவர் போட்டிருக்கார். 'முறைப்படி செய்தேன், நோயாளி தவறான தகவல் தந்தார்'ன்னு நாலு வரி எழுதி அனுப்பு. உங்க வீட்டுப் புகாரை ஃபைல்ல போட்டு மூடிடறேன். திங்கக்கிழமை டூட்டிக்கு வா."

"சரி சார்."

"நாலே வரி. கதை எழுதாதே."

போன் அணைந்த பிறகும் அவள் அதைக் காதில் வைத்தபடி அடுப்பு மேடை பக்கத்தில் நின்றாள்.

சூடு-குளிர் டெஸ்ட். இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். நோயாளியின் கண்ணை மூடச் சொல்லி, காலில் அங்கங்கே தொட்டு, எது சூடு எது குளிர் என்று கேட்க வேண்டும். சரியாகச் சொல்லாவிட்டால் அந்தக் காலில் மெஷினை வைக்கவே கூடாது. முதல் நாள் சாயந்திரம் வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். டைட்டஸ் அண்ணியின் முன்னால் காலை நீட்டவே கூசினான். 'அதெல்லாம் எதுக்கு அண்ணி, ஃபிட்டு, ஆரம்பிங்க' என்றான். வீட்டு ஆள்தானே என்று அவளும் சிரித்துவிட்டு மெஷினைப் போட்டாள். கார்டில், டெஸ்ட் என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

கார்டு கிளீனாக இருந்தது.

அவள் அடுப்பைப் பற்ற வைத்துத் தண்ணீர் காய்ச்சினாள். கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். இன்னொரு டம்ளரில் குடத்துத் தண்ணீர். இரண்டையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"இன்னாது, காபியா?" என்றான் டைட்டஸ்.

"கண்ணை மூடு." துண்டால் அவன் கண்ணைக் கட்டினாள்.

"இன்னா கண்ணாமூச்சி ஆட்டம் இது?" என்றாள் மரியகுழந்தை. "ஏற்கெனவே ஒரு காலு வெந்து கெடக்குது."

"கை பொறுக்கிற சூடுதான் அத்தை. தொட்டுப் பாருங்க." மரியகுழந்தை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

முதலில் நல்ல காலில் தொட்டாள். "சூடு," என்றான். "ஜில்லு." "மறுபடி சூடு. இன்னா அண்ணி, பரீட்சையா?"

அடிபட்ட காலின் உள்பக்கம். "ஜில்லு." பெருவிரல் மேல். "சூடு." எல்லாம் சரி.

பிறகு கட்டுக்கு மூன்று விரல் கீழே, காலின் வெளி ஓரத்தில், சுண்டுவிரல் பக்கம் வெந்நீர் டம்ளரை வைத்தாள். வைத்து எடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

டைட்டஸ் காத்திருந்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான்.

"இன்னும் தொடலியா அண்ணி?"

முறத்தில் அவரைக்கொட்டை விழும் சத்தம் நின்றது.

மரியகுழந்தை எழுந்து வந்தாள். மருமகளின் கையிலிருந்து டம்ளரை வாங்கி, தானே மகனின் காலில் அழுத்தி வைத்தாள்.

"டைட்டஸு. நான்தான், அம்மா. தெரியுதா?"

"எங்க வெச்சிகிறம்மா?"

அவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். வைக்கும்போது பாதித் தண்ணீர் கொட்டியது. டைட்டஸ் துண்டைத் தானே அவிழ்த்துக்கொண்டு, முதலில் டம்ளரையும் பிறகு அம்மாவின் முகத்தையும் பார்த்தான்.

"எப்பலேர்ந்து?" என்றாள் வினோலியா.

"விழுந்த மறுநாள்லேர்ந்து. அந்த ஓரம் மட்டும் சாக்ஸ் மாட்டின மாதிரியே இருக்கும் அண்ணி. கழட்டினாலும் மாட்டின மாதிரியே."

"சுட்டுதுன்னியே?"

"வேற இன்னா சொல்றது? சுட்டுது, தாங்கிகினேன்னா ஒரு பேச்சு. தெரியவே இல்லன்னா நொண்டின்னு அர்த்தம்."

"நான் சாக்ஸைக் கழட்டினப்போ தோலும் கூட வந்துச்சு," என்றாள் மரியகுழந்தை மெதுவாக, தனக்கே சொல்வதுபோல. "நான் கத்தினேன். நீ செல்போனைப் பார்த்துகினு இருந்த."

போன் வந்தபோது கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துவிட்ட ஏனோக் தூங்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார்.

"விழுந்ததுல நரம்பு அடிபட்டிருக்கலாம்," என்றாள் வினோலியா. "இல்ல, சுகர் இருந்து நமக்குத் தெரியாம இருக்கலாம். நான் சொல்லக்கூடாது, நரம்பு டாக்டர் பார்த்துதான் சொல்லணும். சீக்கிரம் பார்க்கணும்."

"பார்த்தா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். திங்கக்கிழமை எனக்கு மெடிக்கல். அதுல பாஸானா பர்மனென்ட். மூணு வருஷம் கான்ட்ராக்ட்ல நின்னேன் அண்ணி."

"அப்ப ஒரு மாசம் எல்லாரும் கம்முனு இருங்க," என்றார் ஏனோக். "பர்மனென்ட் ஆவட்டும். அப்புறம் எந்த டாக்டர் வேணாலும் பார்க்கட்டும். இந்தாம்மா, டாக்டர் போன்ல இன்னா எழுதச் சொன்னாரு?"

அவள் சொன்னாள்.

"நல்லதாப் போச்சே! அதையே எழுது. இவன் நோவை மறைச்சான், அவ்ளோதான். உன் வேலையும் நிக்கும், இவன் வேலையும் நிக்கும். யாருக்கு நஷ்டம்?"

கணவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று மரியகுழந்தைக்குப் பிடிபடவில்லை. இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

வினோலியாவின் போன் ஒலி எழுப்பியது. டென்னிஸ் செய்தி அனுப்பியிருந்தான்: 'டாக்டர் என்கிட்டயும் பேசினார். கார்டு கிளியர். சொன்னதை எழுதிடு. வீட்ல சண்டை வேண்டாம்.' அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"டைட்டஸ், கம்பெனில நீ இன்னா மெஷின்ல இருக்க?"

"பிரஸ். தகடு வெட்டுறது."

"கையாலயா?"

அவன் குனிந்து காலின் கட்டை இழுத்துச் சரிசெய்தான்.

"கேட்டேன்ப்பா."

"பெடல். சின்னக் கம்பெனி அண்ணி, பழைய மெஷினு. காலால அழுத்தினா மேல இருந்து இறங்கும்."

"எந்தக் காலு?"

முக்காலி மேலிருந்த காலை அவன் கீழே இறக்கினான்.

"தகடு வெக்கறதும் நீதானா?"

"இல்ல. மஞ்சுநாத்து. அவன் வெச்சுட்டுக் கையை எடுத்தப்புறம் நான் அழுத்தணும்."

அவள் அடுத்த கேள்வி கேட்காமலே அவன் சொல்ல ஆரம்பித்தான். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை.

"வேலைக்குத் திரும்பின மூணாம் நாளு. நான் அழுத்தல. அழுத்தலன்னுதான் நெனச்சேன். காலு பெடல் மேல இருந்தது எனக்குத் தெரியல அண்ணி. பிரஸ் இறங்கிடுச்சு. அவன் கிளவுஸு நுனி, தோ, இவ்ளோ, போயிடுச்சு. வெரலு தப்பிச்சிடுச்சு. கன்னடத்துல ஒரு திட்டு திட்டினான், அப்புறம் சிரிச்சான். மெஷின் கோளாறுன்னு சூப்பர்வைசர்கிட்ட அவனே சொன்னான்."

"நீ?"

"கம்முனு நின்னேன்."

தெருவில் பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் சுரங்கத்து லைன் வீடுகளின் கோடிவரை போய்த் தேய்ந்தது.

"அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றாள் மரியகுழந்தை.

"மே மாசம் வெச்சிருக்காங்க."

"அவங்க அம்மா இருக்காங்களா?"

"கோலார்ல இருக்காங்க."

"டைட்டஸுகூட வேலை பாக்குறேன்னு அவங்ககிட்ட சொல்லியிருப்பான் இல்ல?" அவள் முறத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "வினோலியா, எழுதும்மா. இன்னா எழுதணுமோ எழுது."

"எல்லாம் சரி," என்றார் ஏனோக். அவர் குரல் உயர்ந்துவிட்டது. "இவன் வேலை? மூணு வருஷம் நாய் மாதிரி ஓடினானே, அது?"



மூன்று மணிக்கு வினோலியா தையல் மெஷினை மூடி, அதன் மேல் தாளை வைத்து எழுதினாள். முதல் வரியில் தேதி. இரண்டாவது வரியில் கிளினிக்கின் பெயர். பிறகு:

'ஐயா, டைட்டஸ் அவர்களுக்குச் சிகிச்சை ஆரம்பித்த முதல் நாள், சூடு-குளிர் டெஸ்ட் நான் செய்யவில்லை. செய்ததாக டிக் போட்டது நான். செய்திருந்தால் அந்தக் காலில் மெஷினை வைத்திருக்க மாட்டேன். இது என் தவறு.'

மரியகுழந்தை பக்கத்தில் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அப்ப நீயும் பொய் எழுதிகிற."

"ஆமா அத்தை."

"நான் சபையில உன் பேரைக் கெடுத்தது சரின்னு இப்ப சந்தோஷப்படணுமா, இன்னா?"

வினோலியா பேனாவை மூடினாள், திறந்தாள்.

"இந்த டிக்கை யாரு பார்த்தா?" என்றாள் மரியகுழந்தை, குரலைத் தணித்து. "அத்த வுட்டுட்டு மிச்சத்தை எழுது. டாக்டரே கிளீன்னு சொல்லிட்டாரு இல்ல?"

"அந்த டிக்கு நிக்கிற வரைக்கும், மொத நாள் இவனுக்குக் காலு நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம் அத்தை. அப்புறம் எந்த டாக்டரும் நரம்பைத் தேட மாட்டாங்க. வலியை மறைச்சான், வெந்துச்சுன்னு கேஸை மூடிடுவாங்க."

"உன் வேலை?"

"போவலாம்."

அந்த ஒற்றை வார்த்தையை அவள் எந்த அழுத்தமும் இல்லாமல் சொன்னாள். 

வினோலியா டைட்டஸ் பக்கம் திரும்பினாள். "என் தப்பை நான் எழுதிட்டேன். உன் காலைப் பத்தி ஒரு வரியும் எழுதல. நீ சொல்லாம எழுத மாட்டேன். எழுத எனக்கு உரிமை இல்ல."

டைட்டஸ் தரையில் இன்னும் கிடந்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"எனக்கொரு பேப்பர் குடுங்க அண்ணி."

அவன் எழுத முக்கால் மணி நேரம் ஆனது. முதல் தாளைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இரண்டாவதையும் கசக்கினான். மூன்றாவது தாளில் எழுதி, எழுதினதை ஒரு முறை கூடப் படிக்காமல், நான்காக மடித்தான். நடுவில் ஒரு தடவை தலைநிமிர்ந்து, "மஞ்சுநாத்துக்கு நான்தான் போன் பண்ணணும். லெட்டர் போறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி குனிந்து எழுதினான்.

வீட்டில் வேறு உறை இல்லை. சபையில் மாதக் காணிக்கை போடக் கொடுக்கும் கவர் ஒன்று இருந்தது. அதன் மேல் அச்சடித்திருந்த சபைப் பெயரை மரியகுழந்தை பேனாவால் அடித்துவிட்டு மருமகளிடம் நீட்டினாள். வினோலியா மேலே டாக்டர் மனோகரின் பெயரை எழுதி, தன் தாளை உள்ளே வைத்தாள். டைட்டஸ் தன் தாளைத் தானே நுழைத்தான்.

"படிக்கலியா அண்ணி?"

"அது உன் லெட்டரு."

"இன்னா எழுதிகிறேன்னு தெரியாமலேயா அனுப்புவீங்க?"

"ஆமா."

மரியகுழந்தை மத்தியானச் சோற்றிலிருந்து நாலு பருக்கை எடுத்து வந்து, கவரின் வாயில் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். பிறகு கவரைத் தூக்கிப் பிடித்து, ஒட்டியிருக்கிறதா என்று ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒட்டியிருந்தது.

மணி நாலு இருபது. வினோலியா கிளினிக் பக்கம் போகக்கூடாது. லைன் கோடியில் ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. ஓட்டுகிறவன் கிளாரன்ஸ், அதே சபை ஆள். முந்தின ஞாயிறு ஜெபக் குறிப்பைக் கேட்டுத் தலைகுனிந்தவர்களில் அவனும் ஒருவன். மரியகுழந்தை கவரை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். வினோலியா வாசலிலேயே நின்றுவிட்டாள். டைட்டஸ் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்து, அவள் பின்னால் வந்து நின்றான்.

ஏனோக் செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக வெளியே போனார். மனைவியை எட்டிப் பிடித்தார்.

"அத்தக் குடு," என்று கவரை அவள் கையிலிருந்து வாங்கினார்.

மரியகுழந்தை அவர் கையையே பார்த்தாள். வாசலில் வினோலியாவும் பார்த்தாள். அவர் கவரைப் புரட்டினார். அடித்திருந்த சபைப் பெயரையும் டாக்டரின் பெயரையும் படித்தார். கிழிக்க நினைத்தால் ஒரு இழுப்பு போதும்.

"இன்னா மாமா, பேட்டையா?" என்றான் கிளாரன்ஸ். "ஏறி உக்காருங்க. இன்னும் ரெண்டு ஆளு வரட்டும், கெளம்பிடலாம்."

"நான் வரல. இத்த டாக்டர் மனோகர் கையில குடுக்கணும். கம்பவுண்டர்கிட்ட இல்ல, அவர் கையில. அஞ்சு மணிக்குள்ள."

"ஆவட்டும். ஆளு சேர்ந்ததும்..."

"ஆளு சேரட்டும்னு நிக்காத," என்றார் ஏனோக். கவரை அவன் சட்டைப் பையில் தாமே வைத்து, பையின் பொத்தானையும் போட்டுவிட்டார். "போ."

"ரெண்டு சீட்டு காலியாப் போவுதே மாமா?"

"போவட்டும். நீ போடா."

கிளாரன்ஸ் ஆட்டோவைக் கிளப்பினான்.